கையால் ஓட்டினால் ஓடுகிற பேக்கப் தானாக ஏன் ஓடவில்லை?

கேள்வி இதுதான்: விண்டோஸ் 11 லேப்டாப். டாக்குமெண்ட்ஸ், போட்டோ எல்லாவற்றையும் வெளி ஹார்டு டிஸ்குக்கு நகலெடுக்க ரோபோகாப்பி (விண்டோஸிலேயே இருக்கும் நகலெடுக்கும் கட்டளை) வைத்து ஒரு பேட்ச் ஃபைல் (கட்டளைகளை வரிசையாக எழுதிய ஃபைல்) எழுதி, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் தினமும் இரவு 2 மணி என்று போட்டிருக்கிறீர்கள். டபுள் கிளிக் செய்தால் ஒழுங்காக ஓடுகிறது. தானாக மட்டும் பல நாள் ஓடுவதில்லை. ஓடிய மாதிரி தெரியும் நாட்களில் 'லாஸ்ட் ரன் ரிசல்ட்' என்ற இடத்தில் 0 வராமல் 1 வருகிறது. விண்டோஸையே மறுபடி நிறுவ வேண்டுமா?

வேண்டவே வேண்டாம். நிறுவினாலும் இதே கோளாறு திரும்ப வரும், ஏனென்றால் தப்பு விண்டோஸில் இல்லை. நீங்கள் டபுள் கிளிக் செய்யும்போது அந்த ஃபைல் ஓடும் சூழல் வேறு; ஷெட்யூலர் ஓட்டும்போது இருக்கும் சூழல் வேறு. நேரம் வேறு, மின்சார நிலை வேறு, தொடங்கும் ஃபோல்டர் வேறு, சில சமயம் ஓட்டுகிற ஆளே வேறு. இந்த வித்தியாசங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனால் கோளாறு தானாக அகப்படும்.

அதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். "பேக்கப் நடக்கவில்லை" என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் மூன்று தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. வேலை தொடங்கவே இல்லை என்பது ஒன்று. தொடங்கியது, நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறது என்பது இன்னொன்று. தொடங்கி முடிந்தும்விட்டது, ஆனால் போய்ச் சேரவேண்டியது போய்ச் சேரவில்லை என்பது மூன்றாவது. மூன்றுக்கும் மருந்து வேறு. எது என்று தெரியாமல் செட்டிங்கை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள்தான் வாரக்கணக்கில் அலைகிறார்கள்.

எது என்று கண்டுபிடிக்க ஹிஸ்டரி வேண்டும். டாஸ்க் ஷெட்யூலரில் ஹிஸ்டரி பொதுவாக அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். ஏன் அப்படி வைத்தார்களோ! ஷெட்யூலரை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, வலப்பக்கப் பட்டியலில் 'எனேபிள் ஆல் டாஸ்க்ஸ் ஹிஸ்டரி' என்பதை அழுத்துங்கள். இரண்டு நாள் விட்டுவிட்டு உங்கள் டாஸ்கின் ஹிஸ்டரி டேபைப் பாருங்கள். நிகழ்வு எண் 100 இருந்தால் வேலை தொடங்கியது. 102 இருந்தால் முடிந்தது. 100 இருக்கிறது, 102 இல்லை என்றால் எங்கோ மாட்டிக்கொண்டது. 326 என்றால் கணினி பேட்டரியில் இருந்ததால் தொடங்கவில்லை. 332 என்றால் நீங்கள் லாகின் செய்திருக்கவில்லை. 322 என்றால் முந்தைய ஓட்டம் இன்னும் முடியவில்லை, அதனால் புதிதாகத் தொடங்க மறுத்துவிட்டது. பெரும்பாலானவர்களுடைய பிரச்சினை இந்த நான்கைந்து எண்களுக்குள் அடங்கிவிடும்.

இனி அந்த 1. நீங்கள் அதிகம் பயந்தது அதற்குத்தான் என்று தெரிகிறது. ஆனால் அது நல்ல செய்தி. பொதுவாக நிரல்கள் 0 என்று சொன்னால் வெற்றி, வேறு எண் சொன்னால் தோல்வி. ரோபோகாப்பி அந்த வழக்கத்தைப் பின்பற்றுவதில்லை. அதன் கணக்கில் 0 என்றால் நகலெடுக்கப் புதிதாக எதுவும் இல்லை. 1 என்றால் ஃபைல்கள் நகலாகின. 2 என்றால் மூலத்தில் இல்லாத கூடுதல் ஃபைல்கள் போய்ச்சேருமிடத்தில் இருக்கின்றன. 3 என்றால் ஒன்றும் இரண்டும் சேர்ந்து. 8 அல்லது அதற்கு மேல் போனால்தான் ஏதோ சில ஃபைல் நகலாகவில்லை என்று அர்த்தம். 16 என்றால் பெரிய பிழை, பாதையே தவறாக இருக்கலாம். ஆக, 1 வந்த நாட்களில் உங்கள் பேக்கப் பெரும்பாலும் ஒழுங்காக நடந்திருக்கிறது. 'பெரும்பாலும்' என்று சொல்வதற்குக் காரணம், பேட்ச் ஃபைல் தன் கடைசிக் கட்டளையின் எண்ணைத்தான் வெளியே சொல்லும். ரோபோகாப்பிக்குப் பிறகு வேறு கட்டளை ஏதாவது எழுதியிருந்தால் அந்த 1 அதனுடையதாகவும் இருக்கலாம். குழப்பமே வேண்டாம் என்றால், ரோபோகாப்பி வரிக்கு நேர் அடுத்த வரியில் 'எர்ரர்லெவல் (அதாவது ரோபோகாப்பி சொன்ன எண்) 8 அல்லது மேல் இருந்தால் 1 சொல்லி வெளியேறு', அதற்கடுத்த வரியில் '0 சொல்லி வெளியேறு' என்று எழுதிவிடுங்கள். அப்புறம் ஷெட்யூலரில் 0 வந்தால் நிம்மதி, 1 வந்தால் கவலை.

இப்போது தொடங்காத நாட்களுக்கு வருவோம். இரவு 2 மணி என்பது அலுவலக சர்வர்களுக்கு உரிய நேரம். நம் வீடுகளில் படுக்கப் போகும்முன் பிளக் பாயிண்ட் சுவிட்சையே அணைத்துவிடுகிற பழக்கம் உண்டு. லேப்டாப் மூடிக் கிடக்கும், சார்ஜர் போட்டிருக்காது, வெளி ஹார்டு டிஸ்க் அலமாரியில் இருக்கும். இந்த நிலையில் 2 மணிக்கு என்ன ஓடும்? 'கண்டிஷன்ஸ்' டேபில் 'கணினியை எழுப்பு' என்று ஒரு டிக் இருக்கிறது. அது ஸ்லீப்பில் இருக்கும் கணினியைத்தான் எழுப்பும், ஷட்டவுன் ஆனதை எழுப்பாது. அதுவும் பவர் ஆப்ஷன்ஸில் வேக் டைமர் அனுமதிக்கப்பட்டிருந்தால் மட்டும்தான். லேப்டாப்பில் நான் அந்த டிக்கை நம்புவதில்லை.

அதே டேபில் இன்னொரு டிக் கேட்காமலேயே போடப்பட்டிருக்கும்: ஏசி மின்சாரத்தில் இருந்தால் மட்டும் தொடங்கு. அதன் கீழேயே, பேட்டரிக்கு மாறினால் நிறுத்திவிடு. லேப்டாப்காரர்களின் பேக்கப் ஓடாததற்கு நான் பார்த்தவரை முதல் காரணம் இதுதான். மேஜைக் கணினி வைத்திருப்பவர்கள் நமக்கு இது பொருந்தாது என்று தாண்டிவிட வேண்டாம். யுபிஎஸ்ஸை யுஎஸ்பி வயரால் கணினியோடு இணைத்திருந்தால் விண்டோஸ் அதையும் பேட்டரி என்றே எண்ணும். கரண்ட் போன அந்த நிமிடமே பேக்கப் பாதியில் நிறுத்தப்படும்.

'செட்டிங்ஸ்' டேபில் போடப்படாமல் இருக்கும் ஒரு டிக் இதற்கு எதிர்ப்பக்கம்: 'தவறவிட்ட வேலையை முடிந்தவரை சீக்கிரம் ஓட்டு'. இதை அவசியம் போடுங்கள். போட்டால், 2 மணிக்குக் கணினி அணைந்திருந்தாலும் காலையில் திறந்த பிறகு ஓடும். உடனே ஓடவில்லையே என்று பதற வேண்டாம், சுமார் 10 நிமிடம் பொறுத்துத்தான் தொடங்கும். என்னைக் கேட்டால் 2 மணியையே விட்டுவிடுங்கள். நீங்கள் வழக்கமாகக் கணினி முன் உட்காரும் நேரம் எதுவோ, இரவு எட்டரை என்று வையுங்கள், அதற்கு மாற்றுங்கள். ரோபோகாப்பி மாறிய ஃபைல்களை மட்டும்தான் எடுக்கும். முதல் தடவைக்குப் பிறகு சில நிமிட வேலை. அது ஓடுவது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

அடுத்தது, யார் ஓட்டுகிறார்கள் என்பது. 'ஜெனரல்' டேபில் இரண்டு வழி இருக்கிறது: நீங்கள் லாகின் செய்திருந்தால் மட்டும் ஓட்டு; அல்லது லாகின் செய்திருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓட்டு. இரண்டாவது கேட்க நன்றாக இருக்கும், அதனால் பலரும் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கேதான் வம்பு தொடங்குகிறது. அது உங்கள் பாஸ்வேர்டைக் கேட்கும். தினமும் நீங்கள் போடும் நாலு இலக்கப் பின் அங்கே செல்லாது. மைக்ரோசாஃப்ட் கணக்கின் முழுப் பாஸ்வேர்டு வேண்டும். பிறகு என்றைக்காவது அந்தப் பாஸ்வேர்டை மாற்றினீர்கள் என்றால், ஷெட்யூலர் பழையதையே வைத்துக்கொண்டு தினமும் கதவைத் தட்டித் திரும்பும். ரிசல்ட்டில் 8007052 என்று வந்து அதன் பின்னால் ஆங்கில இ எழுத்து இருந்தால் அதுதான் விஷயம். டாஸ்கைத் திறந்து ஓகே கொடுத்துப் புதுப் பாஸ்வேர்டைப் போட்டால் சரியாகிவிடும்.

இந்த இரண்டாவது வழியில் இன்னொரு சங்கடம், வேலை ஓடும்போது திரையில் ஜன்னலே வராது. உங்கள் பேட்ச் ஃபைலின் கடைசி வரியைப் பாருங்கள். 'பாஸ்' (pause) என்ற கட்டளை இருக்கிறதா? டபுள் கிளிக் செய்தபோது முடிவைப் படிக்க வசதியாக எழுதியிருப்பீர்கள். ஏதாவது விசையை அழுத்தச் சொல்லி நிற்கும். கண்ணுக்குத் தெரியாத ஜன்னலில் விசையை அழுத்த யார் வருவார்கள்? வேலை 'ரன்னிங்' என்றே நிற்கும், ரிசல்ட்டில் 41301 வரும், மறுநாள் 322. அந்த ஒரு வரியை நீக்கினால் போதும்.

வீட்டில் நாஸ் பெட்டியோ (நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டி), ரவுட்டரில் செருகிய ஹார்டு டிஸ்கோ இருந்து, அதை இசட் டிரைவ் என்று மேப் செய்து வைத்திருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அந்த இசட் உங்கள் லாகினுக்கு மட்டும் உரியது. பின்னணியில் ஓடும் டாஸ்குக்கு அப்படி ஒரு டிரைவே கிடையாது. டிரைவ் எழுத்துக்குப் பதிலாக, இரட்டைச் சாய்கோட்டில் தொடங்கும் நெட்வொர்க் முகவரியை முழுசாக எழுதுங்கள். 'பாஸ்வேர்டைச் சேமிக்காதே' என்ற டிக்கையும் எடுத்துவிடுங்கள். அது இருந்தால் டாஸ்க் இந்தக் கணினியைத் தாண்டி எங்கும் போக முடியாது.

உங்களுக்கு வெளி ஹார்டு டிஸ்க்தான், நெட்வொர்க் இல்லை. அப்படியானால் முதல் வழியே போதும்: லாகின் செய்திருந்தால் மட்டும். திரையைப் பூட்டி வைத்திருந்தாலும் லாகின் இருப்பதாகத்தான் கணக்கு, கவலை வேண்டாம். ஒரு கறுப்பு ஜன்னல் வந்து போகும். பேக்கப் நடந்தது என்று கண்ணில் படுவதும் நல்லதுதானே.

தொடங்கும் ஃபோல்டர் என்றேன். பேட்ச் ஃபைலை டபுள் கிளிக் செய்தால் அது இருக்கிற ஃபோல்டரிலிருந்தே ஓடும். ஷெட்யூலர் ஓட்டினால், நீங்கள் எதுவும் சொல்லாத பட்சத்தில், விண்டோஸின் சிஸ்டம்32 ஃபோல்டரிலிருந்து ஓடும். ஃபைலுக்குள் முழுப் பாதை எழுதாமல் வெறும் ஃபோல்டர் பெயரையோ லாக் ஃபைல் (நடந்ததைக் குறித்துவைக்கும் ஃபைல்) பெயரையோ எழுதியிருந்தால் அது அங்கே போய்த் தேடும். எல்லாப் பாதையையும் டிரைவ் எழுத்திலிருந்து முழுசாக எழுதுங்கள். 'ஸ்டார்ட் இன்' கட்டத்தில் ஃபோல்டரைக் கொடுப்பதென்றால் மேற்கோள் குறி போடாமல் கொடுங்கள். பாதையில் இடைவெளி இருந்தாலும் போடக்கூடாது. மற்ற எல்லா இடத்திலும் மேற்கோள் குறி வேண்டும், இங்கே மட்டும் வேண்டாம். இதற்கு நியாயம் தேடாதீர்கள்.

டிரைவ் எழுத்தைச் சொன்னதும் நினைவு வருகிறது. வெளி டிஸ்க் நேற்று இ டிரைவாக இருந்திருக்கும். இன்று யாரோ ஒரு பென்டிரைவைச் செருகி அது இ ஆகிவிட, டிஸ்க் எஃப் ஆகிவிடும். பேக்கப் இல்லாத இடத்துக்குப் போகும், அல்லது அந்தப் பென்டிரைவுக்கே போய் நிரப்பும். டிஸ்க் மேனேஜ்மெண்டில் உங்கள் டிஸ்குக்கு எக்ஸ் மாதிரி கடைசி வரிசை எழுத்து ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். விண்டோஸ் அதை நினைவில் வைத்துக்கொள்ளும்.

தொடங்கி மாட்டிக்கொள்வதில் 'பாஸ்' தவிர இன்னொரு பெரிய காரணம் இருக்கிறது. ரோபோகாப்பியின் பொறுமை. ஒரு ஃபைல் வேறு நிரலால் பூட்டப்பட்டிருந்தால், நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் அது 30 விநாடிக்கு ஒரு முறை திரும்ப முயலும். எத்தனை தடவை? பத்து லட்சம் தடவை. கணக்குப் போட்டால் ஒரு ஃபைலுக்கு ஏறக்குறைய 347 நாள் வருகிறது. பழைய அவுட்லுக்கின் பிஎஸ்டி ஃபைல் திறந்திருந்தால் இது நிச்சயம் நடக்கும். டேலி மாதிரிக் கணக்கு நிரல்களைத் திறந்தபடி விட்டிருந்தாலும் நடக்கலாம். ஷெட்யூலர் மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு வேலையைக் கொல்லும். அதுவரை புதிதாகத் தொடங்காது. இதனால்தான் சிலர் "மூணு நாலு நாளைக்கு ஒரு தடவை ஓடுது, காரணமே புரியல" என்கிறார்கள். கட்டளையின் முடிவில் சுவிட்ச் என்கிற கூடுதல் குறிகளைச் சேர்க்கலாம்; ஆர் சுவிட்சுக்கு 2, டபிள்யூ சுவிட்சுக்கு 5 (/R:2 /W:5) கொடுத்துவிடுங்கள்: இரண்டு முறை முயற்சி, இடையில் ஐந்து விநாடி. பூட்டிய ஃபைலை விட்டுவிட்டு மேலே போகும். விட்ட ஃபைலுக்கு என்ன வழி? பேக்கப் நேரத்தில் அந்த நிரலை மூடியிருங்கள். இல்லையென்றால் ஷேடோ காப்பி (திறந்திருக்கும் ஃபைலையும் அந்த நொடியில் இருப்பதுபோல் பிடிக்கும் வசதி) எடுக்கத் தெரிந்த பேக்கப் நிரல் ஒன்றுக்கு மாறுங்கள். ரோபோகாப்பியிடம் அது மட்டும் நடக்காது.

உங்கள் மொத்த யூசர் ஃபோல்டரையும் நகலெடுப்பதாக இருந்தால் எக்ஸ்ஜே (/XJ) சுவிட்சும் சேர்த்தே ஆகவேண்டும். அதிலுள்ள ஆப்டேட்டா என்ற மறைந்த ஃபோல்டருக்குள் தன்னையே சுட்டும் இணைப்புகள் உண்டு. அதற்குள் நுழைந்தால் ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று முடிவில்லாமல் போய்க்கொண்டிருக்கும்.

மூன்றாவது வகைதான் எனக்கு உண்மையிலேயே பயம் தருவது. எல்லாம் பச்சையாக இருக்கும், ரிசல்ட் 0, ஹிஸ்டரியில் 100, 102 இரண்டும் இருக்கும், ஆனால் டிஸ்கில் ஆறு மாதப் பழைய ஃபைல்கள்தான் இருக்கும். இன்றைய விண்டோஸில் இதற்கு முதல் சந்தேகம் ஒன்டிரைவ். அது உங்கள் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களைச் சத்தமில்லாமல் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் நகர்த்தியிருக்கலாம். ஏதோ ஒரு அப்டேட்டின்போது நீங்களே 'சரி' என்று அழுத்தியிருப்பீர்கள். உங்கள் பேட்ச் ஃபைல் இன்னமும் பழைய டாக்குமெண்ட்ஸ் பாதையையே பார்த்துக்கொண்டிருக்கும். அங்கே ஒன்றும் இல்லை; நகலெடுக்கவும் ஒன்றும் இல்லை; பிழையும் இல்லை, ஆகவே மேலே சொன்ன இரண்டு வரிகளைச் சேர்த்திருந்தால் 0. டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரில் வலது கிளிக் செய்து ப்ராபர்ட்டீஸில் லொகேஷன் என்ன என்று பார்த்து, அந்தப் பாதையைப் பேட்ச் ஃபைலில் எழுதுங்கள். இன்னொரு விஷயம்: ஒன்டிரைவில் மேகக் குறி போட்ட ஃபைல்கள் உங்கள் கணினியில் உண்மையில் இல்லை, பெயர் மட்டும்தான் இருக்கிறது. நீங்கள் லாகின் செய்யாத நேரத்தில் ஒன்டிரைவ் ஓடாது, அப்போது அந்த ஃபைல்களைத் தொட்டால் லாக்கில் பிழை 362 வரும். பேக்கப் எடுக்க வேண்டிய ஃபோல்டர்களுக்கு 'எப்போதும் இந்தக் கணினியில் வைத்திரு' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

எம்ஐஆர் (/MIR) சுவிட்ச் போட்டிருக்கிறீர்களா? போட்டிருந்தால் இதை இன்றே பாருங்கள், நாளைக்குத் தள்ளாதீர்கள். எம்ஐஆர் என்பது மூலத்தில் இருப்பதை அப்படியே பிரதிபலிப்பது. மூலத்தில் இல்லாததை டிஸ்கிலிருந்து அழித்துவிடும். மூல ஃபோல்டர் இருந்து, அது காலியாக இருந்தால், பேக்கப்பும் காலியாகும். மேலே சொன்ன ஒன்டிரைவ் நகர்த்தலோடு இது சேர்ந்தால் ஒரே இரவில் எல்லாம் போகும். தெரியாமல் அழித்த ஃபைலும் அன்றிரவே பேக்கப்பிலிருந்து போய்விடும். வீட்டுக்கு நான் எம்ஐஆரைச் சிபாரிசு செய்வதில்லை. உள் ஃபோல்டர்களையும் சேர்த்து நகலெடுக்கும் இ (/E) சுவிட்ச் போதும். பழைய ஃபைல்கள் கொஞ்சம் சேரும், டிஸ்க் இடம் மலிவு.

நம் ஆட்களுக்கே உரிய ஒரு கோளாறு, தமிழில் பெயர் வைத்த ஃபோல்டர்கள். 'கல்யாண போட்டோ' என்று தமிழில் பெயர் வைத்து, அந்தப் பெயரைப் பேட்ச் ஃபைலுக்குள் எழுதினால், நோட்பேட் அதை யுடிஎஃப்-8இல் சேமிக்கும். கமாண்ட் ஜன்னல் அதைப் பழைய எழுத்துக் குறியீட்டில் படித்துக் கன்னாபின்னா என்று புரிந்துகொள்ளும். பாதை கிடைக்கவில்லை என்று 16 வரும். மேலேயே, ரோபோகாப்பி வரிக்கு முன், கோட் பேஜை 65001க்கு மாற்றும் சிஎச்சிபி (chcp 65001) கட்டளையை ஒரு வரி எழுதினால் சரியாகும். அதைவிட எளிது, தமிழ்ப் பெயரை உள்ளே எழுதாமல் அதற்கு மேலுள்ள ஃபோல்டரைக் கொடுப்பது. உள்ளே இருக்கும் தமிழ்ப் பெயர்களை ரோபோகாப்பி தானாகவே சரியாக எடுத்துக்கொள்ளும். லாக்கில் பெயர்கள் கேள்விக்குறிகளாக வருவதைத் தடுக்க, லாக் சுவிட்சுக்குப் பதில் யூனிலாக் (/UNILOG) சுவிட்சைப் பயன்படுத்துங்கள்.

வீடியோக்கள் மட்டும் போகவில்லை என்றால் டிஸ்கின் ஃபார்மட்டைப் பாருங்கள். ஃபேட்32 ஆக இருந்தால் 4 ஜிபியைத் தாண்டிய ஃபைலை அது ஏற்காது. டி டிரைவ் முழுவதையும் நகலெடுத்து, போய்ச்சேர்ந்த ஃபோல்டரே காணவில்லை என்றால், அது அங்கேதான் மறைந்திருக்கிறது: டிரைவின் வேருக்கு (அதன் மேல்மட்ட ஃபோல்டருக்கு) உள்ள 'மறைவு' அடையாளமும் சேர்ந்தே நகலாகிவிடும். கட்டளையில் எஸ் (சிஸ்டம்), எச் (மறைவு) அடையாளங்களை நீக்கும் ஏ-மைனஸ் (/A-:SH) சுவிட்சைச் சேர்த்தால் தெரியும்.

இவ்வளவு தலைவலி எதற்கு, விண்டோஸிலேயே ஃபைல் ஹிஸ்டரி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, விண்டோஸ் 11இல் கண்ட்ரோல் பேனலுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள். மணிக்கு ஒரு முறை எடுக்கும், பழைய பதிப்புகளையும் வைத்திருக்கும். அதில் ரோபோகாப்பியைவிட மேல். ஆனால் பழைய பதிப்புகளை 'என்றென்றும்' வைத்திருப்பதே அதன் வழக்கம், டிஸ்க் நிரம்பினால் நின்றுவிடும். ஒரு வருடம் என்று மாற்றிவிடுங்கள். 'விண்டோஸ் பேக்கப்' என்ற புது ஆப்பை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது ஒன்டிரைவுக்குத்தான் அனுப்பும், அங்கே இலவச இடம் 5 ஜிபிதான்.

எல்லாம் மாற்றிய பிறகு ஷெட்யூலரில் 'ரன்' பொத்தானை அழுத்திப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். அப்போதும் நீங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள், சார்ஜர் போட்டிருக்கிறது. நேரத்தை இன்னும் ஐந்து நிமிடம் கழித்து என்று மாற்றி, சார்ஜரைக் கழற்றி, திரையைப் பூட்டிவிட்டு டீ குடித்துவிட்டு வாருங்கள். வந்து ஹிஸ்டரியையும் லாக்கையும் பாருங்கள். பிறகு டிஸ்கில் இன்று மாறிய ஒரு ஃபைலைத் தேடி, டெஸ்க்டாப்புக்கு இழுத்துத் திறந்து பாருங்கள். ஒரு போட்டோ, ஒரு எக்செல், ஒரு பெரிய வீடியோ என்று மூன்று வகையாவது. மாதம் ஒரு முறை இதைச் செய்யுங்கள். அடுத்த வாரமும் ஓடவில்லை என்றால் ஹிஸ்டரியில் வந்த எண்ணையும் லாக் ஃபைலின் கடைசிப் பத்து வரிகளையும் அப்படியே எழுதி அனுப்புங்கள், பார்க்கலாம்.